உப்பு என்னும் காவல்: வெப்பமண்டலத் தீவுகளின் உவர் ஏரிகளில் நுண்ணுயிரும் வேதியியலும்

சரியாகக் காயாத கருவாட்டில் சில நாட்களில் இளஞ்சிவப்பு படர்வதை மீன் புழங்கும் வீடுகளில் பலரும் பார்த்திருப்பார்கள். மீன் கெடாமல் இருக்கத்தான் உப்பைப் போட்டோம். ஆனால் அந்தச் சிவப்பு, உப்போடு சேர்ந்து வந்த உயிர். கடல்நீரை வெயிலில் வற்றவைத்து எடுக்கும் உப்பின் படிகத்துக்குள் சிறு நீர்த்துளிகள் சிக்கிக்கொள்ளும். அந்தத் துளிகளுக்குள் ஆர்க்கியா என்ற தொன்மையான நுண்ணுயிர்கள் உயிரோடு தங்கியிருக்கும். மற்ற கிருமிகளைச் சுருட்டிக் கொல்லும் உப்பு அவற்றுக்கு வீடு.

உப்பு உயிரை அழிக்கிறதா, காக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட வெப்பமண்டலத் தீவுகளின் உவர் ஏரிகளை விடப் பொருத்தமான இடம் குறைவு. கண்டங்களின் உப்பேரிகளுக்குப் பல ஆறுகள் பல வகைப் பாறைகளைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுகின்றன. தீவின் ஏரிக்கு வரவு மூன்றே: கடல், மழை, தான் கிடக்கும் பாறை. செலவு ஒன்றே: வெயில். இந்த எளிய கணக்கிலிருந்து எத்தனை விதமான நீரும் உயிரும் பிறக்கின்றன என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்ப்பதும், அவற்றிலிருந்து தெளியும் ஒரு கருத்தை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். இந்த ஏரிகளில் உப்பு ஒரு காவலாக நிற்கிறது. அந்தக் காவலுக்கு உயிர்கள் பெருங்கூலி கொடுக்கின்றன. காவல் நிற்பதா விலகுவதா என்பதை முடிவு செய்வது மழை.

கடல் ஏரியாகும் விதம்

பவளத்தீவின் தரை சல்லடை போன்ற சுண்ணாம்புக்கல். பெய்த மழைநீர் உள்ளே இறங்கி, எடை மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் பழைய கணக்கு. மழை குறைந்த தீவில் இந்த வில்லை மெலிந்துவிடும். தாழ்ந்த பள்ளங்களில் கடல்நீர் கசிந்து ஏறி, வெயிலில் வற்றி, மீண்டும் கசிந்து ஏறும். உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

மத்திய பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகையில் உள்ள கிரிட்டிமாட்டி இதற்குச் சிறந்த சான்று. நிலப்பரப்பில் உலகின் மிகப்பெரிய பவளத்தீவு இது. 1777 டிசம்பர் 24 அன்று இங்கு வந்திறங்கிய ஜேம்ஸ் குக், பண்டிகையை ஒட்டி அதற்குக் கிறிஸ்துமஸ் தீவு என்று பெயரிட்டார். கிரிபாட்டி மொழியின் எழுத்து வழக்கில் அந்தப் பெயர்தான் கிரிட்டிமாட்டி ஆயிற்று. தீவுக்குள் நூற்றுக்கணக்கான ஏரிகளும் குட்டைகளும் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று கடலோடு தொடர்புள்ள காயலாக இருக்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று உப்பு பூத்துக் கிடக்கும். ஒரே தீவு, ஒரே வெயில். ஆனால் கடல்நீர் கசிந்து வரும் வழி எவ்வளவு தாராளம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் நீரும் வேறாகிறது.

பஹாமாஸின் சான் சால்வடோர் தீவில் பழங்காலத்து மணல்மேடுகள் கல்லாக இறுகி வரப்புகள்போல் நிற்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் ஸ்டார்ஸ் ஏரியும் சால்ட் பாண்டும் கிடக்கின்றன. இந்தோனேசியாவின் சும்பாவா தீவுக்கு வடக்கே உள்ள சத்தோண்டாவிலும், இந்தியப் பெருங்கடலின் மயோட்டில் உள்ள ஜியானி ஜாஹாவிலும் ஏரியைத் தாங்குவது எரிமலைவாய். பலாவின் ஜெல்லிமீன் ஏரியில் உப்பு கடலை மிஞ்சியதல்ல. ஆனால் நீர் மேலும் கீழும் கலப்பதில்லை. மேலே 15 மீட்டர் வரை பிராணவாயு உண்டு. அதன் கீழே இளஞ்சிவப்பு பாக்டீரியாக்களின் மெல்லிய திரை. அதற்கும் கீழே முக்குளிப்பவரின் தோல் வழியாகவே ஊடுருவக்கூடிய நச்சான ஹைட்ரஜன் சல்பைடு.

உப்பு விழும் வரிசை

கடல்நீர் வற்றும்போது உப்புகள் ஒன்றாகச் சேர்ந்து விழுவதில்லை. 1849-ல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக்கடல் நீரைப் படிப்படியாக வற்றவைத்து அந்த வரிசையைப் பதிவு செய்தார். நீர் ஏறக்குறைய இருமடங்கு செறிந்ததும் கால்சியம் கார்பனேட் விழத் தொடங்குகிறது. நான்கு மடங்கை நெருங்கும்போது ஜிப்சம். பத்து மடங்கைத் தாண்டும்போதுதான் நாம் உண்ணும் சோற்றுப்பு. அதன் பிறகு மிஞ்சுவது மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு நீர்.

உப்பளத் தொழிலாளிக்கு இந்த வரிசை கைப்பழக்கம். தூத்துக்குடியானாலும் ஆனையிறவானாலும் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுவது, சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் முன்பாத்திகளிலேயே விழவைத்துவிட்டுக் கடைசிப் பாத்தியில் உப்பை மட்டும் வாரத்தான். இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டையின் வறண்ட நிலத்தில் மகா லேவாய போன்ற இயற்கையான உவர் ஏரிகளில் இதே வேலையை வெயில் தானாகவே செய்து வந்தது. 1908 முதல் 1911 வரை அங்கு அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃபின் பொறுப்புகளில் உப்பு சேகரிப்பை மேற்பார்வையிடுவதும் ஒன்று.

இந்த வரிசைக்குள் கிளைபிரியும் இடங்களும் உண்டு. 1970-ல் லாரன்ஸ் ஹார்டியும் ஹான்ஸ் யூக்ஸ்டரும் அவற்றைத் தெளிவாக விளக்கினார்கள். கால்சியம் கார்பனேட் விழும்போது நீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தே குறைகின்றன. எது தொடக்கத்தில் குறைவாக இருந்ததோ அது முதலில் தீர்ந்துபோகும். கடல்நீரில் கால்சியம்தான் மிகுதி. எனவே கார்பனேட் தீர்ந்த பிறகும் ஜிப்சம் விழக் கால்சியம் மிஞ்சுகிறது. கார்பனேட் மிகுந்த நீராக இருந்தால் கால்சியம் தீர்ந்து, ஏரி கார்பனேட் எஞ்சிய கார நீராக, சோடா ஏரியாகிவிடும். தொடக்கத்தில் இருக்கும் சிறு வேறுபாடு முடிவில் இருவேறு உலகங்களைப் படைக்கிறது. கடல்நீரில் தொடங்கிய ஏரியை இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்குத் தள்ளிவிடும் வல்லமை நுண்ணுயிர்களுக்கும் எரிமலைக்கும் உண்டு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காவலுக்குக் கொடுக்கும் கூலி

மாங்காயில் உப்பைப் பிசிறினால் நீர் விடும். உப்பு நீரில் விழுந்த எந்த உயிரணுவுக்கும் அதே கதிதான். அதிலிருந்து தப்பிக்க உயிர்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

முதல் வழி, வெளியே உள்ள செறிவுக்கு ஈடாக உள்ளேயும் பொட்டாசியம் குளோரைடை நிரப்பிக்கொள்வது. உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் இப்படித்தான் வாழ்கின்றன. 2002-ல் விவரிக்கப்பட்ட சாலினிபாக்டர் என்ற பாக்டீரியாவும் இதே வழியைக் கையாளுகிறது. இதற்குச் செலவு குறைவு. ஆனால் அணுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு புரதமும் உப்பில் இயங்குமாறு மாறியிருக்க வேண்டும். அப்படி மாறியது நன்னீரில் குலைந்துபோகும். திரும்பிப் போக வழியில்லை. இரண்டாவது வழி, உப்பை வெளியே தள்ளிவிட்டு, அணுவின் வேலைகளுக்கு இடையூறு செய்யாத கரிமப் பொருள்களை உள்ளே சேர்ப்பது. துனாலியெல்லா என்ற பாசி கிளிசராலைச் சேர்க்கிறது. மற்ற பல நுண்ணுயிர்கள் பீட்டெய்ன், எக்டோயின் போன்றவற்றைச் சேர்க்கின்றன. உப்பு கூடினாலும் குறைந்தாலும் இவை ஈடுகொடுக்கும். ஆனால் அந்தப் பொருள்களைச் செய்துகொண்டே இருக்க ஆற்றல் வேண்டும்.

எந்தத் தொழில் எந்த உப்பளவு வரை நடக்கும் என்பதை இந்த ஆற்றல் கணக்கைக் கொண்டே விளக்கலாம் என்று 1999-ல் அகரோன் ஓரென் காட்டினார். ஒளிச்சேர்க்கையால் வெயிலில் சமைப்பவர்களுக்கு வருமானம் அதிகம். உச்ச உப்பிலும் பிழைப்பார்கள். ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் செய்பவர்களுக்கும், அம்மோனியாவை நைட்ரேட்டாக்குபவர்களுக்கும் வருமானம் சொற்பம்; உப்பு ஏறும்போது முதலில் வெளியேறுவோரில் இவர்கள் உண்டு. உப்பு ஏற ஏற ஏரியின் வேதித் தொழில்கள் ஒவ்வொன்றாகக் கடையை மூடுகின்றன. உச்ச உப்பில் எஞ்சுவோர் சிவப்பும் ஊதாவுமாக நீரையே நிறமாக்கிவிடுவார்கள். அவர்களில் சிலரின் சவ்வில் உள்ள பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதாப் புரதத்தை 1971-ல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கெனியஸும் அறிவித்தார்கள். பச்சையம் இல்லாமலே ஒளியை ஆற்றலாக்கும் முறை அது.

உவர் ஏரியில் செழித்திருக்கும் பாசிக்கு உப்பு பிடிக்கும் என்று எண்ணுவது இயல்பு. பஹாமாஸில் பிங்க்னியும் பேர்லும் பெபவுட்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. பாசியும் பாக்டீரியாக்களும் பின்னிப் படரும் நுண்ணுயிர்ப் பாய்களை உவர் ஏரியிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த உப்பைக் குறைத்தபோது அவற்றின் உற்பத்தி உயர்ந்தது. அவை உப்பை விரும்பி வாழவில்லை, தாங்கி வாழ்கின்றன. பிறகு ஏன் இங்கே குடியிருக்கின்றன? மேய்பவர்கள் இங்கே வர முடியாது. நத்தையும் புழுவும் பெரும்பாலான மீன்களும் இத்தகைய உப்பில் நிற்பதில்லை. நன்னீரிலும் சாதாரணக் கடலிலும் பாசி முளைத்த வேகத்தில் மேயப்பட்டுவிடும். இங்கே அது ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக வளரலாம். உப்பு காவல் என்று நான் சொல்வது இதைத்தான்.

சில விரற்கடைக்குள் ஓர் ஊர்

அந்தக் காவலுக்குள் வளர்வது நுண்ணுயிர்ப் பாய். கத்தியால் வெட்டிப் பார்த்தால் மேலே காவியும் மஞ்சளும், அதன் கீழே பச்சை, பிறகு ஊதா, அடியில் கறுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு தொழில். மேலே இருப்பவர்கள் கடும் வெயிலைத் தடுக்கக் காரட்டில் உள்ளதைப் போன்ற நிறமிகளை அணிந்திருக்கிறார்கள். பச்சையில் இருக்கும் சயனோபாக்டீரியாக்கள் நீரைப் பிளந்து பிராணவாயுவை விடுகின்றன. ஊதா அடுக்கினர் மேலே உள்ளவர்கள் பயன்படுத்தாத ஒளியைக் கொண்டு, நீருக்குப் பதிலாக சல்பைடைப் பிளக்கிறார்கள். கறுப்பில் இருப்பவர்களுக்கு ஒளி இல்லை. மேலிருந்து இறங்கும் எச்சத்தைத் தின்று, பிராணவாயுவுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடுகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அவர்களுடைய மூச்சு.

கிரிட்டிமாட்டியில் 21 என்று எண்ணிட்ட ஏரியின் உப்பு ஆயிரத்துக்கு 170 பங்கு, கடலைப் போல் ஐந்து மடங்கு. ஏரி முழுவதையும் தடித்த பாய் மூடியிருக்கிறது. அதன் ஒன்பது அடுக்குகளின் மரபணுக்களை ஆராய்ந்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒளி விழும் மேலடுக்குகளை விட இருண்ட கீழடுக்குகளில்தான் உயிர்வகைகள் மிகுதியாக இருந்தன. இதுவரை ஆய்வகத்தில் வளர்க்கப்படாத கூட்டங்களும் அவற்றில் பல. சமைப்பவர்கள் சிலர், அந்தச் சமையலின் மிச்சத்தைப் பங்கிட்டு வாழ்பவர்கள் எண்ணற்றோர்.

பாயின் ஒரு நாளை மிகச்சிறிய மின்முனைகளைச் செருகி அளந்திருக்கிறார்கள். நண்பகலில் மேல் மில்லிமீட்டரில் பிராணவாயு நீர் இயல்பாகத் தாங்கும் அளவைப் போல் பல மடங்கு பொங்கும். சூரியன் சாய்ந்ததும் சற்று நேரத்தில் அது முழுவதும் தீர்ந்து, சல்பைடு மேற்பரப்பு வரை ஏறிவரும். பூமியின் வளிமண்டலம் பல கோடி ஆண்டுகளில் கண்ட மாற்றத்துக்கு நிகரான ஒன்றை இந்தப் பாய் ஒரே பகலிரவில் காண்கிறது. அதோடு தழைச்சத்துப் பஞ்சமும் உண்டு. அதைத் தீர்க்கக் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பவர்களும் இதே பாய்க்குள் இருக்கிறார்கள்.

கல்லாக்குவது யார்?

உலகின் மிகப் பழைய உயிர்த்தடங்களில், சுமார் 340 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆஸ்திரேலியப் பாறைகளில் நுண்ணுயிர்ப் பாய்கள் கல்லாகி உருவான அடுக்குக்கற்களும் அடங்கும். இன்றைய பாய்களும் கல்லாகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதுதான் இத்துறையின் மையமான விவாதம்.

பழைய விடை ஒளிச்சேர்க்கை. சயனோபாக்டீரியா கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீர் காரமாகிறது, சுண்ணாம்பு விழுகிறது. கேட்க நேராக இருக்கிறது. ஆனால் பஹாமாஸின் எலூத்ரா தீவின் உவர் ஏரியில் டுப்ராஸும் சகாக்களும் 2004-ல் காட்டியது வேறு. பாய் தன்னைச் சுற்றிச் சுரக்கும் வழவழப்பான பசை, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பசை புதிதாக இருக்கும் வரை சுண்ணாம்பு விழாமல் தடுக்கப்படுகிறது. கீழே இருப்பவர்கள் அந்தப் பசையைத் தின்று சிதைக்கும்போதுதான் கால்சியம் விடுபடுகிறது. கூடவே சல்பேட்டைக் குறைப்பவர்களின் மூச்சு நீரின் காரத்தைக் கூட்டுகிறது. அப்போது கல் பிறக்கிறது. கிரிட்டிமாட்டியில் கெர்னாட் ஆர்ப் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வும் பசையின் சிதைவுக்கே முதலிடம் கொடுத்தது.

இரண்டு விடைகளையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை என்பது என் மதிப்பீடு. கரைந்த கார்பனேட் குறைவாக உள்ள நீரில் ஒளிச்சேர்க்கையின் சிறு இழுப்பும் சமநிலையைச் சாய்க்கும். கார்பனேட் நிறைந்த செறிவான உவர்நீரில் அந்த இழுப்பு உறைக்காது. அங்கே சிதைப்பவர்களே கொத்தனார்கள். எந்த நீர் என்று கேட்காமல் எந்த உயிர் என்று மட்டும் கேட்டதால் நீண்ட விவாதம் இது.

உப்பு மட்டும்தான் காவலா?

அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு; அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. பஹாமாஸின் எக்சூமா தீவுகளில் சாதாரணக் கடலுப்பிலேயே அடுக்குக்கற்கள் வளர்வதை 1980-களில் கண்டார்கள். அங்கே ஓயாமல் புரளும் மணல், மேய்பவர்களையும் போட்டியாளர்களையும் விரட்டுகிறது.

சத்தோண்டாவில் காவல் நிற்பது காரம். 1984 முதல் ஸ்டெபன் கெம்பேயும் யோசெப் கஸ்மியர்சாக்கும் ஆராய்ந்த இந்த ஏரி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் புகுந்த எரிமலைவாய். அதன் மேல்நீரின் உப்பு கடலை மிஞ்சியதல்ல. ஆனால் பிராணவாயு இல்லாத ஆழத்தில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் காரத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த நீரில் சிவப்புப் பாசிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சுண்ணாம்புத் திட்டுகளைக் கட்டியுள்ளன. ஆதிக்கடலே சோடாக் கடலாக இருந்திருக்கலாம் என்று கெம்பேயும் டெகென்ஸும் 1985-ல் முன்வைத்த கருதுகோளுக்கு இந்தச் சிறு ஏரி ஒரு மாதிரியாயிற்று. கருதுகோள் இன்றும் விவாதத்தில்தான் உள்ளது.

மயோட்டின் ஜியானி ஜாஹா இன்னும் ஒரு படி மேலே. அதன் சோடியமும் குளோரைடும் கடல் வழி வந்தவை. ஆனால் எரிமலை வழி வந்த கரியமில வாயுவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைப் பச்சைக் கூழாகவே மாற்றிவிட்டன. கார அமில எண் 9-க்கு மேல். சல்பேட் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கடைகளில் ஸ்பைருலினா என்று விற்கும் இனத்தின் உறவான ஆர்த்ரோஸ்பைரா அடர்ந்து, ஒளி சில அடிகூட இறங்குவதில்லை. சல்பேட் இல்லாததால் மிச்சத்தைத் தின்னும் உரிமை மீத்தேன் செய்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீத்தேன் கரியணுக்களில் இலகுவான வகையை எடுத்துக்கொண்டு குமிழியாக வெளியேறுவதால், எஞ்சும் சுண்ணாம்பில் கனமான வகைக் கரி மிகுந்து கிடக்கிறது. பழம்பாறைகளில் அதேபோன்ற கனத்த கரியைக் கண்டால், உலகளாவிய மாற்றம் என்று முடிவுகட்டும் முன் இப்படியொரு ஏரியையும் நினைக்க வேண்டும் என்று இந்த ஆய்வுகள் எச்சரிக்கின்றன.

மழை எழுதிய ஏடு

கிரிட்டிமாட்டியில் ஆண்டு மழை ஒரே சீராக இருப்பதில்லை. 200 மில்லிமீட்டரைத் தொடாத ஆண்டும் உண்டு. எல் நினோ வலுத்த 1997-ல் 3,600 மில்லிமீட்டரைத் தாண்டியது. வறண்ட ஆண்டில் ஜிப்சமும், நீர் மிகுந்த ஆண்டில் பாயும் சுண்ணாம்பும் என அடுக்குகள் மாறி மாறிப் படிகின்றன. ஏரியின் அடிச்சேறு ஒரு மழைப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டை வாசித்தவர்களில் ஜூலியன் சாக்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். கிரிட்டிமாட்டி, பலாவ், காலபாகோஸ், டெராய்னா ஆகிய தீவுகளின் ஏரிச்சேற்றிலிருந்து நுண்ணுயிர்களின் கொழுப்பை எடுத்து, அதில் இருந்த, மழைக்கும் உப்புக்கும் ஏற்ப மாறும் ஹைட்ரஜன் வகைகளின் விகிதத்தை அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். டெராய்னா கிரிட்டிமாட்டிக்கு வடமேற்கே உள்ள சிறு தீவு. இன்று அங்கே ஆண்டுக்கு மூன்று மீட்டரளவு மழை, ஏரியில் நன்னீர். ஆனால் அந்த நன்னீர் ஏரியின் அடியில், ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய சேற்றில், சிவந்த வழவழப்பான நுண்ணுயிர்ப் பாய் கிடந்தது. அன்று அது உவர் ஏரி. வெப்பமண்டல மழைப்பட்டை அந்த நூற்றாண்டுகளில் தெற்கே, நிலநடுக்கோட்டை நோக்கி, 500 கிலோமீட்டர் வரை நகர்ந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. மழைப்பட்டை திரும்பி வந்தது, உப்பு கரைந்தது, பாய் மறைந்தது. காவல் விலகினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

திடீர் மழையைப் பாய் தாங்கிக்கொள்வதும் உண்டு. 2004-ல் ஃபிரான்சிஸ் சூறாவளி சான் சால்வடோரைத் தாக்கி சால்ட் பாண்டைக் குலைத்த பிறகும் பாய்ச் சமூகம் மீண்டும் எழுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரு புயலின் நீர் வற்றிவிடும், உப்பு திரும்பும். நூறாண்டு நீளும் மழைமாற்றம் வற்றுவதில்லை.

காவலைக் காப்பது

உவர் ஏரியை வீண்நிலம் என்று பார்க்கும் கண்ணுக்கு அதை எதற்கும் மாற்றலாம் என்று தோன்றும். வாய்க்கால் வெட்டிக் கடலோடு இணைக்கலாம், மீன் வளர்க்கலாம், மண்ணடித்து மேடாக்கலாம். இவை ஒவ்வொன்றும் ஏரியின் வரவு செலவுக் கணக்கைத் தொடும். உப்பு பாதியாகும் அன்று நத்தை வரும். ஆண்டுக்கணக்கில் படிந்த அடுக்கு மேயப்படும். எதுவும் இறந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. புதிய உயிர்கள் பெருகியதாகவே தெரியும். இழப்பு என்றே புலப்படாத இழப்பு இது.

மாற்று வழியும் இருக்கிறது. கரீபியனின் பொனேர் தீவில் உள்ள பெக்கல்மேர் உவர் ஏரியில் டோலமைட் என்ற பாறை இன்றும் உருவாகும் விதத்தை 1960-களில் ஆராய்ந்தார்கள். அந்த இடத்தில் இன்று பெரிய உப்பளம் நடக்கிறது. அதற்குள்ளேயே பூநாரைகளுக்கான சரணாலயமும் இருக்கிறது. உவர்நீரின் பாசியும் உப்பு இறாலும் கொடுத்த நிறமிதான் அந்தப் பறவைகளின் சிறகுச் சிவப்பு. உப்பை உப்பாக விட்டுவைத்துப் பிழைப்பதும் முடியும்.

தீவு ஏரிகளைக் காக்க வேண்டும் என்றால் முதலில் அளக்க வேண்டியது அவற்றின் உயிரினப் பட்டியலை அல்ல, நீர்க்கணக்கை: எவ்வளவு கசிந்து வருகிறது, எவ்வளவு வற்றுகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மழை வந்து உப்பைக் கலைக்கிறது. அந்தக் கணக்கு நின்றால் உப்பு நிற்கும். உப்பு நின்றால், நத்தையும் மீனும் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியை ஆண்ட வாழ்க்கைமுறை அந்தச் சில விரற்கடைப் பாய்க்குள் நண்பகலில் பிராணவாயுவும் நள்ளிரவில் சல்பைடுமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.